பின்னாடி போற விரல்

நியூட்ரல் பண்ணுங்க மேடம். அது ரெண்டாவது கியரு. இங்கிட்டு, நடுவுல... ஆங், அதான். ஹேண்ட் பிரேக்க இழுங்க. இழுத்துட்டு ரெண்டு காலையும் எடுத்துருங்க. ரயில்வே கேட் போட்டுட்டான். இனிமே கூட்ஸ் போகணும், அதுக்குப் பின்னால ஏதாவது எக்ஸ்பிரஸ் போகணும், அப்புறம் அவனுக்கா மனசு வந்து தொறக்கணும். முன்னாடி ஷேர் ஆட்டோ, பின்னாடி செங்கல் லாரி. திரும்பிப் போகலாம்னாலும் வழியில்ல.

ஸ்டியரிங்க எதுக்கு இந்தப் பிடி பிடிக்கிறீங்க? வண்டிதான் நிக்குதுல்ல. விடுங்க. நான் இன்னைக்குத் திட்ட மாட்டேன். நேத்து நடந்தது வேற. நேத்து நீங்க வாழைப்பழத் தள்ளுவண்டி மேல ஏத்தப் பாத்தீங்க, நான் என் பக்கத்து பிரேக்க மிதிச்சேன், வாயும் கூடவே வந்துருச்சு. அது திட்டு இல்ல மேடம், சத்தம். எனக்குக் காலும் வாயும் ஒரே கம்பியில கட்டிருக்கு. பிரேக் மிதிச்சா சத்தம் வரும்.

மணி என்ன ஆச்சு? ஆறா? சரி. ஏழு மணிக்கு நான் வீட்டுல இருந்தாகணும். எதுக்குன்னு நீங்க கேக்க மாட்டீங்க, நானே சொல்லிர்றேன். கேம் ஆடணும். சிரிங்க, சிரிங்க. என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவும் இப்பிடித்தான், முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. சவரிமுத்து மாஸ்டர், இந்தத் திண்டுக்கல்லுல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன், சாயங்காலம் ஆனா காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு லேப்டாப்ல கேடயம் பிடிக்கிறான். நானா கேட்டு வாங்குனது இல்ல இது. மாட்டிக்கிட்டேன். வெளிய வர முடியல.

என் மகன் ஜெரோம் ஐதராபாத்துல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். அவனும் அவன் கூட்டாளிகளும் சேந்து ஆடுறது. எட்டுப் பேரு இருந்தாத்தான் ஆட முடியும். அதுல ஒருத்தன் கல்யாணம் பண்ணிக்கிட்டு வர்றத நிறுத்திட்டான். இவிங்க ஆள் கெடைக்காம முழிச்சுக்கிட்டு இருந்திருக்காய்ங்க. ஸ்டெல்லா சும்மா இருக்கலாம்ல? ‘மத்தியானம் கிளாஸ் இல்லாத நேரம் உங்கப்பா போன்ல சீட்டு ஆடிக்கிட்டுத்தான இருக்காரு, அவரச் சேத்துக்கோயேன்’னு சொல்லிட்டா. அடுத்த வாரமே கொரியர்ல லேப்டாப் வந்து எறங்குது. ‘ஆள் கெடைக்கிற வரைக்கும் சும்மா வந்து நில்லுங்கப்பா’ன்னான். தவக்காலத்துல சொன்னது மேடம். இப்ப வேளாங்கண்ணியில கொடி ஏத்தியாச்சு, அஞ்சாறு மாசம் ஓடிப்போச்சு. இன்னும் நின்னுக்கிட்டு இருக்கேன்.

சொன்னா உங்களுக்குப் புரியும், ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு கோட்டை. நம்ம ஊரு மலைக்கோட்டய விடப் பெருசு. எட்டுப் பேரும் உள்ள போனதும் இரும்புக் கேட்டு தடால்னு விழுந்துரும். அப்புறம் ஒருத்தனும் வெளிய வர முடியாது. உள்ள ஒரு ராட்சசன். ஒண்ணு அவன் சாகணும், இல்ல நாம எட்டுப் பேரும் சாகணும், அப்பத்தான் கேட்டு தொறக்கும். பாருங்க, இங்கயும் கேட்டு, அங்கயும் கேட்டு, என் பொழப்பு கேட்டுலயே போகுது.

அந்த ராட்சசன் கடைசியில ஒரு கத்துக் கத்துவான் மேடம். கத்திட்டு ஓடி வருவான். அப்ப ஏழு பேரும் கேடயக்காரன் முதுகுக்குப் பின்னாடி வந்துரணும். கேடயக்காரன் என்ன செய்யணும்? முன்னாடி ஓடணும். அவன் நெஞ்சுலயே போய் முட்டணும். முட்டுனா அவன் சாஞ்சுருவான், கதை முடிஞ்சுது. பின்னாடி ஒரு எட்டு வச்சாலும் போச்சு, நெருப்பு தெறிச்சு எட்டுப் பேரும் காலி. அந்தக் கேடயக்காரன் யாருங்கிறீங்க? நான்தான்.

பட்டன் ரெண்டுதான். மேல இருக்குறத அமுக்குனா முன்னாடி, கீழ இருக்குறத அமுக்குனா பின்னாடி. இதுல என்ன கஷ்டம்னுதான் நானும் நெனச்சேன். ராட்சசன் கத்துனதும் விரல் தானா கீழ போகுது! ஏன் போகாது? நீங்களே பாக்குறீங்கள்ல, இந்தப் பக்கம் எனக்கு ஸ்டியரிங் கெடையாது, ஆக்சிலேட்டர் கெடையாது. கிளட்ச்சும் பிரேக்கும் மட்டுந்தான். என் சர்வீஸ் பூராவும் ஆபத்துன்னா எனக்கு ஒரே வேலைதான், நிறுத்து. முன்னாடி போங்கிறது என் ஒடம்புலயே இல்ல. மத்தவங்க யாரு ஆடுனாலும் இந்தத் தப்பு வராது மேடம். டிரைவிங் மாஸ்டருக்குத்தான் வரும்.

முதல் நாளு எட்டுப் பேரையும் கொன்னேன். எல்லாரும் திட்டப் போறாங்கன்னு காதுல இருந்து ஹெட்போனக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டேன். ஒருத்தனும் திட்டல. ஜெரோம் சொல்றான், ‘பரவாயில்லப்பா. மறுபடி போவோம்.’ அவ்வளவுதான். மறுபடி போனோம். மறுபடி கொன்னேன். மலேசியாவுல ஈப்போன்னு ஒரு ஊராம், அங்க இருந்து கோகிலான்னு ஒரு பொண்ணு ஆடுது. அது சொல்லுது, ‘பெலான் பெலான் அங்கிள்.’ பெலான்னா அவங்க ஊருல மெதுவான்னு அர்த்தமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிருச்சு.

அவிங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு மேடம். யாரு தப்புன்னு கேக்கக் கூடாது. யாரும் யாரு பேரையும் சொல்லக் கூடாது. புதுசா ஆள் வந்தா ஜெரோம் முதல்ல இதத்தான் சொல்லுவானாம். கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. நீங்க காலேஜ்ல பாடம் நடத்துறவங்க, சொல்லுங்க. தப்பு பண்ணுன புள்ளய எழுப்பி நிறுத்திப் பேரச் சொல்லிக் கேட்டாத்தான அதுக்கு உறைக்கும்? என்னது? நிறுத்த மாட்டீங்களா? சரி, அதான் உங்க புள்ளைகள்லாம் ஹெல்மெட் போடாம போகுதுக.

நானே சொல்லிப் பாத்தேன். ‘டேய், நான்தான்டா தப்பு. பின்னாடி போனது நான்தான். நல்லா நாலு வார்த்த கேளுடா’ன்னேன். கேக்க மாட்டேங்கிறான். ‘பரவாயில்லப்பா’ங்கிறான். அந்தப் பரவாயில்ல இருக்கே, அதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம். திட்டுனாங்கன்னா நானும் பதிலுக்கு ரெண்டு திட்டிட்டு லேப்டாப்ப மூடிருவேன். ஒருத்தனும் திட்டாத எடத்துல இருந்து எப்பிடி மேடம் கோவிச்சுக்கிட்டு வெளிய வர்றது? வழியே இல்ல.

பொறுங்க, கூட்ஸ் வருது. சத்தம் அடங்கட்டும்.

...போயிட்டான். எதுக்குக் கியர்ல கைய வைக்கிறீங்க? கேட்டு தொறக்கல. கேட் கீப்பர் இன்னும் கொடியோட நிக்கிறாரு பாருங்க. இன்னொன்னு வருது போல. கைய எடுங்க. எடுங்கங்கிறேன்ல! ...சரி, சரி. மெதுவாத்தான் சொன்னேன்.

ஜெரோமுக்கு இம்புட்டுப் பொறுமை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. எங்க குடும்பத்துல யாருக்கும் கெடையாது. அவங்கம்மா பக்கமும் கெடையாது. அவனுக்கு நான் வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தது இதே ரோட்டுலதான். பதினெட்டு முடிஞ்ச கையோட உக்கார வச்சேன். இதே கேட்டு. தொறந்துட்டான், இந்த ஏத்தத்துல இவன் வண்டிய எடுக்குறான், ஆஃப் ஆகுது. எடுக்குறான், ஆஃப் ஆகுது. பின்னாடி பஸ்ஸு, லாரி, அத்தனையும் ஹாரன். பஸ்ஸுல இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்துக் கேக்குறான், ‘மாஸ்டர், உங்க மகனா?’ எனக்கு எப்பிடி இருக்கும்? ‘எறங்குடா’ன்னேன். எறங்கிட்டான். நான் ஸ்டியரிங் பக்கமா ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். அவன் வீட்டுக்கு நடந்து வந்தான். இதுல என்ன இருக்கு? எந்த அப்பன் சொல்லாத வார்த்த? தொழில்னா அப்பிடித்தான். ஆனா அன்னையில இருந்து அவன் ஸ்டியரிங்கத் தொடல. இன்னைக்கும் ஐதராபாத்துல ஆட்டோவுல ஆபீஸ் போறானாம். டிரைவிங் ஸ்கூல்காரன் மகன் ஆட்டோவுல போறான்னா யாருக்கு மேடம் கேவலம்? எனக்குத்தான!

பேசாம எல்லாம் இல்ல. பேசுவான். போன் பண்ணுவான், நான் எடுத்தா ‘அம்மா இல்லையாப்பா?’ன்னு கேப்பான். ‘இந்தாடி, உன் மகன்’னு குடுத்துருவேன். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அவ்வளவுதான், இத்தன வருசமா. ஆம்பளைங்க அப்பிடித்தான் இருப்பாங்கன்னு ஸ்டெல்லாகிட்டச் சொல்லுவேன். அவ போன எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா.

இந்தக் கேம்ல ஒரு விசயம் இருக்கு. எட்டுப் பேரும் செத்துட்டா கோட்டைக்கு வெளிய ஒரு கெணத்தடி இருக்கு, அங்கதான் எந்திரிக்கணும். எல்லாரும் எந்திரிச்சு, மருந்து குடிச்சு, ஒடஞ்ச கேடயத்தச் சரிபண்ணி, மறுபடி உள்ள போகக் கொஞ்ச நேரம் ஆகும். ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்துல சும்மா இருக்க முடியாதுல்ல, பேசுவாங்க. ஜெரோம் என்கிட்டப் பேசுவான். ‘சாப்டீங்களாப்பா? முட்டிவலி எப்பிடி இருக்கு? மாடில ஒழுகுச்சே, பூச்சு பூசியாச்சா?’ நான் சொல்லுவேன். ஒருநாள் அவன் தங்கிருக்க ரூம்ல பூனை குட்டி போட்டதச் சொன்னான். இன்னொரு நாள், ஒரு பொண்ணு இருக்கு, அம்மாகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் சொல்லிராதீங்கன்னான். ஸ்டெல்லாவுக்கே தெரியாதது எனக்குத் தெரியும் மேடம்! அடுத்து என்ன சொல்லப் போறான்னு காத்துக்கிட்டு இருப்பேன், அதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சு ‘உள்ள போலாமா’ம்பாங்க. உள்ள போயிட்டா வேற பேச்சுக் கெடையாது. எடது பக்கம், வலது பக்கம், அவ்வளவுதான்.

நான் பழகாம இல்ல. நம்மளுக்கு ரோசம் இருக்குல்ல. தனியாப் போய் ஆடிப் பழகுறதுக்கு அதுலயே ஒரு எடம் இருக்கு. மத்தியானம் கிளாஸ் இல்லாதப்ப உக்காந்து பழகுனேன். ராட்சசன் கத்துவான், முன்னாடி, நெஞ்சுல ஒரே முட்டு. விழுந்துருவான். இப்பல்லாம் மத்தியானத்துல ஒரு தடவகூடத் தப்புறதில்ல. சாயங்காலம் எட்டுப் பேரா போறப்பத்தான் தப்பிருது. டென்ஷன்.

எதுக்கு அப்பிடிப் பாக்குறீங்க? டென்ஷன்தான்.

சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நாளைக்கு லைசென்ஸ் வாங்குனா நீங்க யாரோ நான் யாரோ. போன சனிக்கிழமை விரல் மேல் பட்டன்லதான் இருந்துச்சு. மாதா மேல சத்தியமா. ராட்சசன் கத்துனான், ஓடி வர்றான். அமுக்குனா முடிஞ்சுது. முடிஞ்சா அப்புறம் எதுக்குக் கெணத்தடி? எதுக்கு மறுபடி? கோட்டையப் பிடிச்சுட்டா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. அன்னைக்கு ஜெரோம், அந்தப் பொண்ணோட அப்பா சம்மதிக்க மாட்டாரு போலன்னு பாதியில நிறுத்திருந்தான். மிச்சத்த யாருகிட்டக் கேப்பேன்? விரல் கீழ போயிருச்சு. வேணும்னே பண்ணுனேன்னு சொல்லாதீங்க. நான் பண்ணல. விரல் போச்சு. எட்டுப் பேரும் செத்தோம், கெணத்தடியில எந்திரிச்சோம், மிச்சத்தச் சொன்னான்.

போன் போட்டுக் கேக்கலாமா? நீங்க ஈசியாச் சொல்லிட்டீங்க. போனப் போட்டு என்னன்னு ஆரம்பிக்கிறது? ‘அம்மா இல்லையா’ன்னு நான் கேக்க முடியுமா?

இப்ப அதுக்கும் ஆப்பு வச்சாச்சு. தருண்னு ஒரு பய இருக்கான் அதுல. இத்தன நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, இப்ப சொல்லிட்டான், ‘என் ஃப்ரெண்டு ஒருத்தன் நல்லாக் கேடயம் பிடிப்பான், வர ரெடியா இருக்கான்’னு. ஜெரோம் முந்தாநாள் கெணத்தடியில சொன்னான், ‘சனிக்கிழமை கடைசியாப் போய்ப் பாப்போம்பா. முடியலேன்னா தருண் ஃப்ரெண்டு வருவாரு.’ இன்னைக்குத்தான் சனிக்கிழமை. முன்னாடி போனா ராட்சசன் சாவான், கேம் முடிஞ்சுது. பின்னாடி போனா என் எடத்துக்கு வேற ஆள். எந்தப் பக்கம் போனாலும் நான் வெளிய. இந்தக் கேட்டுல நிக்கிற மாதிரி இல்ல மேடம் இது, இதாவது தொறக்கும்.

இன்னொன்னும் சொன்னான் முந்தாநாள். ‘அப்பா, மத்தியானம் நீங்க தனியாப் போய்ப் பழகுறது எனக்கு இங்க காட்டும். எல்லாத் தடவையும் சரியாத்தான் பண்றீங்க’ன்னான். அப்புறம் ‘பரவாயில்லப்பா, மறுபடி போவோம்’னான். பாத்தீங்களா? அப்பன உளவு பாக்குறான். கிண்டல் வேற.

என்னது?

அவனுக்குத் தெரியும்ங்கிறீங்களா? என்னத்தத் தெரியும்?

அதெப்பிடி... தெரிஞ்சா கேட்டுருக்க மாட்டானா? ‘ஏம்ப்பா இப்பிடிப் பண்றீங்க’ன்னு ஒரு வார்த்த?

...யாரு தப்புன்னு கேக்க மாட்டாய்ங்கள்ல. ஆமா.

இல்ல மேடம், இருங்க. கோகிலா பொண்ணுக்கு அங்க நேரம் ரொம்ப ஆயிரும். அது கொட்டாவி விடுறது எனக்கு இங்க கேக்கும். அந்தத் தருண் பல்லக் கடிப்பான். அம்புட்டுப் பேரையும் கெணத்தடியில நிக்க வச்சுக்கிட்டு, முட்டிவலி எப்பிடி இருக்குன்னு கேட்டுக்கிட்டு... தெரிஞ்சேவா? தெரிஞ்சே மறுபடி போவோம்னு சொன்னானா?

கொஞ்சம் பேசாம இருங்க.

எக்ஸ்பிரஸ் வந்துருச்சு.

கண்ணுல தூசி. இந்த லாரிக்காரன் செங்கல்லுக்குத் தார்ப்பாய் போட மாட்டேங்கிறான்.

போயிருச்சு. தொறக்குறான், தொறக்குறான். ஸ்டார்ட் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் கியர். ஹேண்ட் பிரேக்க விடுங்க. ஏத்தம் மேடம், கிளட்ச்ச மெதுவா, மெது... ஆஃப். மறுபடி. கிளட்ச்ச முழுசா அமுக்குங்க, அமுக்கிட்டு... ஆஃப் ஆயிருச்சு. ஆட்டோ போயிட்டான், நாம இன்னும் நிக்கிறோம். ஹாரன் அடிக்கிறான் பாருங்க, செங்கல்லுக்குப் பொறந்தவன்.

எதுக்குக் கதவத் தொறக்குறீங்க? யாரு உங்கள எறங்கச் சொன்னா? உக்காருங்க. நீங்க இருங்க. நான் எறங்குறேன்.

ஆமா, நான்தான் எறங்குறேன். இந்தப் பக்கம் பிரேக் இருந்தா என் கால் அதுலதான் போய் நிக்கும், பழகிருச்சு. நீங்க எடுக்கப் பாப்பீங்க, நான் மிதிச்சுருவேன். நேத்து மார்க்கெட்டத் தாண்டி அவ்வளவு தூரம் நீங்கதான ஓட்டுனீங்க, நானா ஓட்டுனேன்? தண்டவாளத்தத் தாண்டி அங்கிட்டு டீக்கடை இருக்கு, அதுக்கு முன்னாடி ஓரமா நிப்பாட்டுங்க. நான் நடந்து வந்துர்றேன். முட்டிக்கு ஒண்ணும் ஆகாது.

யோவ்! லாரி! எல் போர்டு கண்ணுக்குத் தெரியலையா? பழகுறாங்கய்யா, நீ என்ன ஸ்டியரிங்கோடவா பொறந்த? அடி, இன்னும் அடி, ஹாரன் தேயட்டும். நான் இங்கதான்யா நிக்கிறேன், ஏத்துறதுன்னா என் மேல ஏத்திட்டுப் போ!

திரும்பிப் பாக்காதீங்க மேடம். பின்னாடி கத்துறவன நான் பாத்துக்கறேன், அவன் என்னத் தாண்டி வர மாட்டான். நீங்க முன்னாடி பாருங்க. கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா...

ஆஃப் ஆயிருச்சா? ம். பரவாயில்ல. மறுபடி எடுங்க.